குலசிங்கம் கண்ட ஒஸ்லோ

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில், மனைவி யோகமலரின் தங்கைக்குக் கலியாணம் என்று குலசிங்கம் பத்து நாள் ஒஸ்லோவில் போய் நின்றார். அதில் ஏழு நாள் வெங்காயம் உரித்தார். மிச்ச நாட்களில் விமான நிலையத்துக்கும் மண்டபத்துக்குமாக ஆள் ஏற்றி இறக்கினார். ஊர் பார்க்க நேரம் வரவில்லை. திரும்பும்போது விமான நிலையத்தில் சும்மா அடுக்கி வைத்திருந்த சுற்றுலாக் கையேடுகளைக் கை கொண்டமட்டும் அள்ளிக்கொண்டு வந்தார்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ரூஜ் பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், "ஒஸ்லோ எப்பிடி அண்ணை?" என்று கேட்டார்கள். வெங்காயத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? நகர மண்டபத்தில் தொடங்கினார். பனிச்சறுக்குப் பாய்ச்சல் மேடை, வைக்கிங் கப்பல் மியூசியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு மாதத்துக்குள் ஸ்காபரோவில் ஒஸ்லோ என்றால் குலசிங்கம் என்று ஆகிவிட்டது.

"நீங்கள் உந்த மண்டபத்தை எப்ப பார்த்தனீங்கள்?" என்று யோகமலர் ஒருநாள் கேட்டாள்.

"வெளியால பார்த்தனான்."

"எங்க நிண்டு?"

"பிளேனில இருந்து."

மூத்தோர் சங்கத் தலைவர் இராஜரட்ணம் விடவில்லை. நூலகத்தின் நிலவறை மண்டபத்தில் ஞாயிறு மூன்று மணிக்கு, 'ஒஸ்லோவின் பொது நிறுவனங்களும் காணவேண்டிய இடங்களும்' பற்றிக் குலசிங்கம் பேசுவார் என்று நோட்டீஸ் அடித்து எல்லாத் தமிழ்க் கடைகளிலும் ஒட்டிவிட்டார். நாற்பது பேர் வந்தார்கள். அரைவாசிப் பேர் இலவச ரோல்ஸ் சாப்பிட வந்தவர்கள்.

பேச்சுத் தொடங்க முன்னர் தலைவர் ஒரு நற்செய்தி சொன்னார். "என்ர மருமகள் யோகராணி லீவில வந்து நிக்கிறா. பதினொரு வருஷமாய் ஒஸ்லோவில இருக்கிறா. முன்வரிசையில இருக்கிறா."

வயிற்றுவலி என்று சொல்லி வெளியேறலாமா என்று குலசிங்கம் கதவைப் பார்த்தார். கதவை மறித்துக்கொண்டு ரோல்ஸ் மேசை நின்றது. வேறு வழியில்லாமல் பேசினார். ஒவ்வொரு வசனம் முடியவும் யோகராணியின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"நகர மண்டபத்திலதான் வருஷா வருஷம் சமாதானப் பரிசு குடுக்கிறவை."

பின்வரிசையில் ஒரு கிழவர் எழும்பினார். "தம்பி, பரிசு மட்டுந்தானோ, இல்லாட்டி சமாதானத்தையும் அங்கதான் குடுக்கினமோ?"

குலசிங்கம் கையேட்டைப் புரட்டினார். அவசரமாகச் சிலைப் பூங்காவுக்குத் தாவினார். இருநூறுக்கு மேற்பட்ட சிலைகள், ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று.

"படத்தில ஒருத்தருக்கும் உடுப்பில்லையே?" என்றாள் கையேட்டை வாங்கிப் பார்த்த ஒரு அன்ரி.

"இல்லைத்தான்."

"நகரசபை பார்த்துக்கொண்டு இருக்குதோ?"

"நகரசபைதான் பராமரிக்குது, அன்ரி."

தலைவர் தொண்டையைச் செருமி, அடுத்த இடத்துக்குப் போகுமாறு கேட்டுக்கொண்டார். கையேடு அதற்குப் பிறகு மண்டபம் முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்தது.

கடைசியில் யோகராணி கையை உயர்த்தினாள். குலசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணை, அந்தக் கப்பல் மியூசியத்துக்கு எப்பிடிப் போறது?"

கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை. பேனாவோடு இருந்தாள். "கோடையில நகர மண்டபத்துக்கு முன்னால இருந்து படகு போகும், தங்கச்சி," என்றார் மெதுவாக. அவள் எழுதிக்கொண்டாள்.

தேநீர் குடிக்கும்போது கிட்ட வந்தாள். "விடிய ஆஸ்பத்திரி லோண்டரி, பின்னேரம் பள்ளிக்கூடம் கிளீனிங். அந்த மண்டபத்துக்கு முன்னால டிராம் போகேக்க ஒவ்வொரு நாளும் நித்திரை தூங்கிக்கொண்டு போவன். இண்டைக்குத்தான் உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியும். நாளைக்கு எனக்கு ரொறன்ரோவைக் காட்டுவீங்களே?"

"வடிவாய்க் காட்டுவார்," என்றாள் பக்கத்தில் நின்ற யோகமலர்.

குலசிங்கம் ரொறன்ரோவுக்கு வந்து ஒன்பது வருடம். குடிவரவு அலுவலகம், வேலையில்லாதோர் காப்புறுதி அலுவலகம், அவசர சிகிச்சைப் பிரிவு ஆகிய பொது நிறுவனங்களை நன்றாக அறிவார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, நகரத்திலேயே உயரமான சி.என். கோபுரத்தடிக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போனார். வாசல் எங்கே என்று காவலாளியிடம் கேட்கவேண்டி வந்தது.

லிப்ட் ஏறும்போது யோகராணி, "நீங்கள் எத்தினையாந்தரம் அண்ணை?" என்றாள்.

காது அடைத்தது. வாயில் வந்த பொய்யை விழுங்கினார். "முதலாந்தரம். ஒஸ்லோவிலையும் நான் ஒண்டையும் பார்க்கேல்லை."

அவள் சிரித்த சிரிப்பில் லிப்டில் நின்ற வெள்ளைக்காரர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். உச்சியில், அடியில் உள்ள நிலம் தெரியும் கண்ணாடித் தரையில் யோகமலர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் காலை வைத்தாள். மூன்று பேரும் இரண்டு மணித்தியாலம் ஏரியையும் தெருக்களையும் பார்த்தார்கள். குலசிங்கத்துக்கு இறங்க மனம் வரவில்லை.

பின்னேரம் இராஜரட்ணம் தொலைபேசியில் வந்தார். "தம்பி, அடுத்த மாதம் ஸ்டொக்ஹோமைப் பற்றிச் சொல்லும்."

"நான் அங்க போகேல்லை, அண்ணை. வேணுமெண்டா ரொறன்ரோவைப் பற்றிச் சொல்லுறன்."

"ரொறன்ரோவோ? அதைக் கேக்க ஆர் தம்பி வருவினம்?"