கேட்டு வாங்கிய கதிரை

நான் என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் ஆகப் பெரியதற்கு, "உங்கடை நேர்மைக்கு நன்றி" என்று றஜிந்தன் சொன்னார். லண்டனில் இருந்து, திரையில், கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார். 

நடந்தது இதுதான். எங்கள் முகாமையாளர் சீவரத்தினம் அண்ணை வேலையை விட்டுவிட்டுக் கனடாவுக்கு, மகளிடம் போகிறார். அவருடைய இடத்துக்கு ஆள் வேண்டும். எங்கள் அலுவலகம் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் சம்பளக் கணக்குப் பார்ப்பது எங்கள் தொழில். அங்கே விடிய, இங்கே மத்தியானம் நாங்கள் வேலை தொடங்குவோம். கம்பனி றஜிந்தனுடையது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ், அம்மா பேசக் கேட்டுப் பழகியது. தன்னை 'சேர்' என்று கூப்பிட வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள் என்பார். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் சம்பளம் தருகிற மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளையாது. வேலைக்குச் சேர்ந்த நாள் தொடக்கம் அவரை நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொண்டையைச் செருமிவிட்டுக் கதையைத் தொடங்குவேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார்.

"பெர்னடெட், சீவரத்தினம் அண்ணையின்ரை இடத்துக்கு வர உங்களுக்கு விருப்பமா?"

அவர் கேட்டு வாய் மூடவில்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ, எனக்கென்ன தெரியும்? வேறை ஆரையும் பாருங்கோ."

அதற்குத்தான் அவர் நன்றி சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்.

இதில் என்ன பிழை என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. குருநகரில் எங்கள் பங்குக் கோயிலில் மரியாயின் சேனை என்ற பக்திச் சபைக்குத் தலைவி தெரிவு செய்வதைப் பார்த்திருக்க வேண்டும். சுவாமியார் ஒருத்தியைக் கேட்பார். "ஐயோ சுவாமி, எனக்கு வீட்டு வேலையே முடியுதில்லை" என்பாள் அவள். சுவாமியார் திரும்பக் கேட்பார். பக்கத்தில் இருப்பவர்கள் முழங்கையால் இடிப்பார்கள். பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாரும் சொல்லுறதாலை..." என்று எழும்புவாள். எழும்பப்போகிறவள் அவள்தான் என்று கோயிலுக்குள் வரும்போதே எல்லோருக்கும் தெரியும். முதல் தடவையே "ஓம்" என்பது, பந்தியில் இலை போட முதல் போய்க் குந்திக்கொள்வது மாதிரி. இந்த ஒழுங்கு நீர்வேலியிலும் அப்படித்தான், கோப்பாயிலும் அப்படித்தான். லண்டனில்தான் இல்லைப்போலும்.

கூட்டம் முடிந்ததும் தர்சிகா என் மேசைக்கு ஓடி வந்தாள். நீர்வேலிப் பிள்ளை. என் கைக்குள் வேலை பழகியவள், எனக்குத் தங்கச்சி மாதிரி.

"அக்கா, ஒருக்காக் கேட்டிட்டு விட்டிட்டாரே! உதென்ன மனிசன்?"

"பொறும். திருப்பிக் கேப்பார்."

திருப்பிக் கேட்கவில்லை. பின்னேரம் எல்லோருக்கும் ஒரு தகவல் வந்தது. அந்த இடம் வேண்டும் என்பவர்கள் தாங்களாகவே பெயர் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழும்பி, ஏன் வேண்டும், வந்தால் என்ன செய்வீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். மயூரதன் உடனேயே பெயர் கொடுத்துவிட்டான். கோப்பாய்ப் பெடியன், கொழும்பில் படித்துவிட்டு வந்தவன், கெட்டிக்காரன். மரியாதையும் தெரிந்தவன் என்பதால் என்னிடம் வந்து சொன்னான்.

"அக்கா, நீங்கள் வேண்டாமெண்டதாலைதான் நான் என்ரை பேரைக் குடுத்தனான். கோவமில்லைத்தானே?"

"எனக்கென்ன கோவம்? நல்லாச் செய்யும்."

இது இரண்டாவது பெரிய பொய். இவன் லண்டனில் பிறந்தவனா? கோப்பாயில் பிறந்து வளர்ந்தவனுக்கு என் "வேண்டாம்" என்ன "வேண்டாம்" என்று விளங்காதா? விளங்கும். விளங்காத மாதிரி நடப்பது அவனுக்கு வசதி. அன்று முழுக்க எனக்கு அவனைப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வந்தது.

எனக்கு அந்த முகாமையாளர் கதிரை வேண்டும். இதை எழுதுகிறபோதே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். சம்பளம் கூடும் என்பதற்காக இல்லை, கூடினால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வியாதி இருக்கிறது. பிழை விட்டவர் பிழையைச் சொல்ல மாட்டார். போன மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முதல், ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்த பெண்களுக்குச் சம்பளம் குறைந்து போனது. பிழை இங்கே, எங்கள் மேசை ஒன்றில் நடந்தது. விட்டவருக்கு அன்றைக்கே தெரியும், சொல்ல வெட்கம். சீவரத்தினம் அண்ணைக்கும் காதில் விழுந்தது. தங்கமான மனிதர், கூப்பிட்டுக் கேட்டால் அந்த ஆளின் முகம் முறிந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டார். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு ஒன்றும் வாங்க முடியாமல் அந்தப் பெண்கள் தொலைபேசியில் அழுதார்கள். அழுகையைக் கேட்டது நான். பிறகு இருந்து திருத்தியதும் நான். மற்றவர்களின் பிழையை ஒளித்து ஒளித்துத் திருத்துவது எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பழக்கத்தையே மாற்ற வேண்டும், அதற்கு அந்தக் கதிரை வேண்டும்.

தர்சிகா சும்மா இருக்கவில்லை. லண்டனில் அவளுடைய சின்னம்மா ஒருவர் இருக்கிறார். றஜிந்தனின் அம்மாவும் அவரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். செவ்வாய்க்கிழமை இவள் சின்னம்மாவுக்குச் சொன்னாள். சின்னம்மா அந்த அம்மாவுக்குச் சொன்னார். அம்மா மகனைச் சாப்பாட்டு மேசையில் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை றஜிந்தன் என்னைத் தனியாக அழைத்தார். முகத்தில் சிரிப்பும் கோபமும் கலந்திருந்தன.

"உங்களுக்கு அந்த வேலை விருப்பம் எண்டு அம்மா சொல்லுறா. என்ரை கம்பனிக்கு ஆர் மனேஜர் எண்டு அம்மா எனக்குச் சொல்லுறா, பெர்னடெட்!"

வெட்கத்தில் எனக்கு மேசைக்குக் கீழே போய் இருக்கலாம் போலிருந்தது.

"நான் ஒருதரையும் சொல்லச் சொல்லேல்லை."

"ஓகே. அப்ப உங்களுக்கு விருப்பமா இல்லையா? வேண்டாமெண்டா நான் நம்புவன். வேணுமெண்டாலும் நம்புவன். ஆனா நீங்கள்தான் சொல்லோணும். வெள்ளிக்கிழமை, எல்லாருக்கும் முன்னாலை. உங்களுக்காக வேறை ஒருதரும் சொல்லேலாது."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை காலையில், வேலைக்கு வெளிக்கிட முதல், என் மனிசன் ஜெறோமுக்கு விசயத்தைச் சொன்னேன். அவர் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். முற்றத்தில் ஒரு இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். கையைத் துடைக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்கு அது வேணுமோ?"

"தர்சிகாவையள் எல்லாரும் நான்தான் வரோணுமெண்டு..."

"அவையை விடும். உமக்கு வேணுமோ?"

"றஜிந்தன்ரை அம்மாவும்..."

"பெர்னடெட்."

கலியாணம் முடித்துப் பிள்ளைகள் பெற்று இவ்வளவு காலம் ஒன்றாக வாழ்ந்த மனிதர். அவருக்குக்கூட எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. மீன் குழம்பு அடிப்பிடிக்கும் என்று குசினிக்குள் போனேன். அங்கே நின்றபடி, அவருக்குக் கேட்க, "வேணும்!" என்று கத்தினேன்.

"அங்கை போயும் உப்பிடிச் சொல்லும்" என்றார் முற்றத்தில் இருந்து. "குரலை மட்டும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லும்."

வெள்ளிக்கிழமை முதலில் மயூரதன் எழும்பினான். படங்கள் காட்டி, வரைபுகள் காட்டி, அழகாகப் பேசினான். எல்லோரும் கை தட்டினார்கள். 'துடிப்பான பெடியன்' என்று சீவரத்தினம் அண்ணை பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. "வேறை ஆரும்?" என்று றஜிந்தன் கேட்டார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தர்சிகா மெல்லத் தலையை ஆட்டினாள். நான் எழும்பக் கூடாது என்கிறாள். தான் எழும்பி என் பெயரைச் சொல்ல ஆயத்தமாகக் கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். நான் அவளுக்கு முந்தி எழும்பினேன்.

"எனக்கு இந்த வேலை வேணும்," என்றேன். "திங்கட்கிழமை வேண்டாமெண்டு சொன்னது பொய். இஞ்சை நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான். வேணுமெண்டதையும் சொல்ல மாட்டம், பிழை விட்டாலும் சொல்ல மாட்டம். போன நத்தாருக்கு அந்தப் பெண்டுகளின்ரை சம்பளத்துக்கு என்ன நடந்ததெண்டு எல்லாருக்கும் தெரியும். நான் வந்தா, பிழை விட்டவர் அண்டைக்கே வந்து என்னட்டைச் சொல்லோணும். நான் ஏச மாட்டன், ஒருதருக்கும் காட்டிக் குடுக்க மாட்டன். ரெண்டு பேருமா இருந்து திருத்துவம். அவ்வளவுதான்."

ஒருவரும் கை தட்டவில்லை. சீவரத்தினம் அண்ணை தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தர்சிகா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, இடம் எனக்குத்தான் என்று றஜிந்தன் அறிவித்தார். மயூரதன் முதல் ஆளாக வந்து வாழ்த்தினான். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. கேக் வெட்டினார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒவ்வொருவராகத் தங்கள் மேசைக்குப் போய்விட்டார்கள். வேலை முடிந்து போகிறபோது தர்சிகாவைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"என்ன, முகம் ஒரு மாதிரி?"

"ஒண்டுமில்லை அக்கா."

"சொல்லும்."

"நான் எவ்வளவு ஓடித் திரிஞ்சனான்! சின்னம்மாட்டைச் சொல்லி, அவ அங்கை சொல்லி... அண்டைக்கும் நான் எழும்பிச் சொல்லத்தானே இருந்தனான். கொஞ்சம் பொறுத்திருந்தா மரியாதையா வந்திருக்கும். உங்கடை வாயாலை ஏன் கேட்டனீங்கள்? பாக்கவே ஒரு மாதிரிக் கிடந்தது."

"அவர் அப்பிடித் தந்திருக்க மாட்டார், தர்சிகா."

"தந்திருப்பார். நாங்கள் வாங்கித் தந்திருப்பம்."

வாங்கித் தந்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவளுடைய அன்பில் பொய் இல்லை, அதை நான் அறிவேன். ஆனால் அவள் வாங்கித் தந்த கதிரையில் இருந்துகொண்டு, 'உம்முடைய கணக்கு பிழை' என்று அவளுக்கே நான் எப்படிச் சொல்வேன்? சீவரத்தினம் அண்ணையும் அப்படித்தானே எல்லோருக்கும் கடமைப்பட்டு, எல்லோருக்கும் நல்லவராக இருந்தார். இதையெல்லாம் படிக்கட்டில் நின்று சொல்ல முடியவில்லை. "நேரம் போகுது, கவனமாப் போம்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு வந்த நாட்களில் 'கேட்டு வாங்கினவ' என்று என்னைப்பற்றிக் கதைப்பது காதில் விழுந்தது. அதே வெள்ளிக்கிழமை, அதே அறையில் மயூரதனும்தான் எழும்பிக் கேட்டான். அவன் துடிப்பான பெடியன், நான் பதவி ஆசை பிடித்தவள். இந்தக் கணக்கை எந்தக் கம்பியூட்டரில் போட்டால் சரிவரும் என்று எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணி நேரத்தில் நான் போனால் கதை நின்றுவிடும். எனக்குக் கோபம் வந்தது. கோபம் போனபின் கவலை வந்தது. சொன்னபடி பிழையைச் சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், நான் தலையைக் குனிந்து வேலையாக இருந்தபோது, முன்னால் யாரோ வந்து நின்றார்கள்.

"மிஸ்."

யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். தர்சிகா.

"நான் ஒரு பிழை விட்டிட்டன், மிஸ். ரெண்டு பேருக்குச் சம்பளம் மாறிப் போச்சுது. இப்பதான் கண்டனான். இன்னும் அனுப்பேல்லை."

அழவில்லை. சாட்டுச் சொல்லவில்லை. வேறு ஒருவரையும் இழுக்கவில்லை. கண்டவுடனே வந்து, நேரே என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இதற்காகத்தான் நான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் எழும்பி நின்று, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது, 'அக்கா' போய்விட்டது. சந்தோசப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உடனை சொன்னது நல்லது," என்றேன். பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துப் போட்டேன். "இரும் தர்சிகா. ரெண்டு பேருமா இருந்து திருத்துவம்."

"பரவாயில்லை மிஸ்," என்றாள். நின்றபடியே குனிந்து, பிழை எந்த வரியில் என்று திரையில் காட்டினாள்.