கவசத்துக்குள் ஒரு கட்டைவிரல்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் நடைவழியில், இதுவரை தலைமைப் பொறியாளராக இருந்த ஆண்கள் அனைவரும் மரச்சட்டம் போட்ட படங்களிலிருந்து வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் மீசை. இந்த முறை அந்தப் பதவிக்கு வந்தவர் ஒரு பெண்மணி. அவருடைய படமும் சுவரேற வேண்டும். சட்டம் போடுகிறவர் மதியம் வருவதாக இருந்தது. அதற்குள் படம் தயாராகாவிட்டால் அடையாள அட்டையில் இருப்பதையே பெரிதாக்கி மாட்டிவிடுவதாக அலுவலக மேலாளர் அன்போடு வாக்களித்திருந்தார்.

அந்த அட்டைப் படத்தில் அம்மையார், கைது செய்ய வந்தவர்களைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டவர்போல விழித்துக்கொண்டிருப்பார். ஓய்வுபெற்று வீட்டுக்குப் போன பிறகும் அந்த முழி மட்டும் இங்கேயே தங்கிவிடும். அதை வீட்டில் சொல்லிப் புலம்பினார்.

"வீட்டுலயே ஒரு கலைஞனை வச்சுக்கிட்டு ஏன் பயப்படறே?" என்று மார்தட்டினார் கணவர்.

கலைஞர்தான். ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் 'விடியலின் பெருமூச்சு' என்ற படத்துக்காகக் கேடயம் வாங்கியவர். படம் முழுக்க ஒரே பனிமூட்டம். அந்த மென்மை எந்தக் கடையிலும் விற்பதில்லை என்று நடுவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். ஆனால் சங்கத்தில் கணவருக்கு வழங்கிய பெயர் கவசம். லென்ஸின் முகப்பில் ஃபில்டர் என்கிற வட்டக் கண்ணாடியைத் திருகி மாட்டாமல் கேமராவை வெளியே எடுப்பது, தலைக்கவசம் இல்லாமல் போருக்குப் போவது என்பது அவர் கொள்கை. எதிர்க்கட்சித் தலைவர் அவருடைய மச்சான், அதாவது அம்மையாரின் தம்பி. அவர் பெயர் வெறுங்கண். நல்ல லென்ஸுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி வைப்பது அதை அவமானப்படுத்துவது என்பார். சங்கத்தில் இரண்டு கட்சியும் காபி குடிப்பதே தனித்தனி மேசையில்.

இருவரும் அம்மையாரின் அலுவலக அறைக்குச் சேர்ந்தே வந்தார்கள். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் குறை சொல்ல வேண்டுமே. கணவர் கம்பீரமாக உள்ளே நுழைந்தபோது கேமராவின் தோள்வார் கதவுப் பிடியில் மாட்டியது. கேமரா ஊஞ்சலாடிப் போய் அலமாரி முனையில் மோதியது. ஃபில்டரில் சிலந்திவலை மாதிரி விரிசல்.

வேறு யாராயிருந்தாலும் அழுதிருப்பார்கள். கணவர் துள்ளிக் குதித்தார்.

"பார்த்தியா மச்சான்? லென்ஸைக் காப்பாத்திடுச்சு! இப்ப என்ன சொல்றே?"

"அப்பளம் மாதிரி நொறுங்கற கண்ணாடி எதைக் காப்பாத்தும் அத்தான்? அது இல்லேன்னா லென்ஸுக்குக் கீறல்கூட விழுந்திருக்காது."

"விழுந்திருந்தா?"

"விழலியே!"

"அதான் ஃபில்டர் இருந்துச்சே!"

அம்மையார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து சிரித்த முகத்தைப் பிடித்துவைத்திருந்தார். அந்தச் சிரிப்பு நழுவ ஆரம்பித்தது. "டேய், நீயாவது எடுடா" என்றார் தம்பியிடம்.

வெறுங்கண் தன் கேமராவின் லென்ஸைச் சட்டை நுனியால் வரட்வரட்டென்று தேய்த்தார். லென்ஸுக்கு மூடிகூட அடிமைத்தனம் என்று கருதி, கேமராவைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டு வளர்த்தவர் அவர். படத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார். சன்னல் வெளிச்சம் லென்ஸின் கீறல்களில் பட்டுச் சிதறியதில், அக்காவின் மூக்குக்குக் கீழே இருபக்கமும் பளீரென்று கோடுகள்.

"வெளிய எல்லாருக்கும் மீசை இருக்கு, அக்காவுக்கும் ஒண்ணு வச்சுடுவோம்னு நெனச்சியா?"

"அது ஒளியோட விளையாட்டு அக்கா."

"சட்டம் போடறவர் வர்ற நேரத்துல என்னடா விளையாட்டு?"

கணவரின் கேமராதான் கதி. உடைந்த ஃபில்டரைக் கழற்றினால் போதும். அடிபட்ட வளையமோ அசையவில்லை. கணவர் பல்லைக் கடித்துத் திருகினார். வெறுங்கண் எதிர்ப்பக்கம் பிடித்துத் திருகினார். கொள்கையில் எப்படியோ அப்படியே, இருவரும் எதிரெதிர்த் திசையில்.

"கொடுங்க இப்படி" என்று எழுந்தார் அம்மையார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குழாய் மரைகளோடு மல்லுக்கட்டியவர். "இப்படி அழுத்தினா வளையம் கோணிப்போயி இன்னும் இறுகும். சுத்திலும் லேசா பிடிக்கணும்." மேசையிலிருந்த ரப்பர் பட்டையை வளையத்தில் சுற்றி, விரல்களைப் பரப்பிப் பிடித்து, மெல்லத் திருப்பினார். வந்துவிட்டது.

அடியில் இன்னொரு ஃபில்டர் இருந்தது.

"இது என்னங்க?"

கணவர் தொண்டையைச் செருமினார். "அது... விலை கூடினது. அதுல கீறல் விழுந்துடக் கூடாதில்ல? அதான் மேல ஒரு சாதாரணத்தை..."

"காவல்காரனுக்கு ஒரு காவல்காரனா!" வெறுங்கண் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மையார் இரண்டாவதையும் கழற்றினார். கணவர் பார்க்கக் கூடாததைப் பார்த்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். லென்ஸ் புத்தம் புதிதாக இருந்தது. நட்டநடுவில் மட்டும், எண்ணெய்ப் பிசுக்கோடு, ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல் தடம். வாங்கிய அன்று ஃபில்டர் மாட்டும் அவசரத்தில் பதிந்தது. அன்றிலிருந்து ஒரு தூசுகூடப் படாமல், இரட்டைக் காவலில் பத்திரமாக இருந்திருக்கிறது.

வெறுங்கண் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அத்தான்," என்றார் வெறுங்கண், மிகவும் மரியாதையாக. "அந்த 'விடியலின் பெருமூச்சு'... அது பனி இல்லையா?"

"அது பனிதான்டா!"

அம்மையார் கணவரின் பையிலிருந்த மெல்லிய துணியால் அந்தத் தடத்தைத் துடைத்தார். கேடயம் பெற்ற மென்மை நொடியில் போய்விட்டது. கேமராவை அலமாரிமேல் வைத்து, தானாக எடுக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். கேமராவின் இரண்டு பக்கமும் நின்று, "பனி!" "விரல்!" "பனிங்கறேன்!" என்று இரண்டு பெரிய மனிதர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். கிளிக்.

மறுநாள் மீசைகளின் கடைசியில் அந்தச் சிரிப்பு தொங்கியது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைபோட வந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சண்டைபோட்டார்கள்.

கணவரும் மச்சானும் பார்க்க வந்தார்கள்.

"கவனிச்சியா? படத்துக்கு முன்னால கண்ணாடி போட்டிருக்காங்க. எதுக்கு? பாதுகாப்பு!"

"அதனாலதான் அத்தான், அக்கா நெத்தியில டியூப்லைட் தெரியுது."

"எங்க தெரியுது?"

"இதோ!"

"இங்கயா?"

சத்தம் கேட்டு அறைக்கதவு திறந்தது. அம்மையார் தலையை மட்டும் நீட்டினார்.

"ரெண்டு பேரும் மொதல்ல கண்ணாடியிலேருந்து விரலை எடுங்க."