ஏழு மேடுகளில் ஒன்று

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. நீங்கள் வேறு யார் வாயாலோ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஒரு பல் டாக்டர். பதினொரு நிமிடம் பேசினார். அவருக்கு வேண்டியிருந்தது நான் அல்ல, என் மனைவி. அவள் கையெல்லாம் ஈரமாக இருந்ததால் நான் எடுத்தேன்.

என் மனைவி பழைய பௌலர் தொப்பிகளைச் சேகரிக்கிறாள். எந்தக் காலத்துத் தொப்பி, யார் செய்தது என்று கண்டுபிடிக்கிறாள். ஊரார் அனுப்பும் தொப்பிகளைச் சீர்செய்தும் கொடுக்கிறாள். (பௌலர் என்றதும் கிரிக்கெட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரவும். கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி, உருண்டையாக, விறைப்பாக, ஓரம் மட்டும் சுருண்டிருக்கும் கறுப்புத் தொப்பி அது.) எங்கள் வீட்டில் மனிதர்கள் இரண்டு பேர், தொப்பிகள் அறுபத்து மூன்று. விருந்தாளி வந்தால் விருந்தாளிதான் கூடத்தில் படுக்க வேண்டும். உறவுக்காரர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் தொப்பிக்காரி. என் பெயர் தொப்பிக்காரி வீட்டுக்காரர். நான் எழுத்தாளன் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: “காலம் என்பது ஒரு தொப்பி. அதை அணிந்தவர்கள் எவரும்—” அடுத்த சொல் வருவதற்குள் எனக்கே கூச்சமாகிவிட்டது.

இரண்டாவது: “கப்பல் தலைவன் கரையிறங்கியபோது அவன் சிரத்தில்—” கதையில் கப்பலே கிடையாது. அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது: “டொக்.”

இது பரவாயில்லை. எந்தத் தொப்பி வந்தாலும் என் மனைவி முதலில் விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். முயல் ரோமத்தை அழுத்தி அரக்கு ஏற்றிச் செய்த அசல் பௌலர் ‘டொக்’ என்று பதில் சொல்லும். நாடகத்துக்காகத் தைத்தது ‘தப்’ என்று படுத்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் தோல் பட்டையைப் புரட்டி, பின்னால் ஒளிந்திருக்கும் அளவுச் சீட்டைப் படிப்பாள். தன் கொள்ளுத்தாத்தா நீதிபதி என்றும் தீர்ப்புச் சொன்னபோதெல்லாம் இதைத்தான் போட்டிருந்தார் என்றும் நான்கு பக்கம் எழுதி ஒருவர் தொப்பி அனுப்பினார். “இது நாடகத் தொப்பி. தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரியாது” என்று இவள் பதில் எழுதினாள்.*

* அந்தப் பதிலை நான்கு வரியாக்கி, இரண்டு உவமை சேர்த்துக் கொடுத்தேன். அவள் அனுப்பவில்லை.

3

இப்போது அப்பா. அதாவது பல் டாக்டரின் அப்பா. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். அவர் ஒரு பெரிய ஓட்டலின் வாசலில் நின்று கதவு திறந்துவிட்டவர், முப்பத்தொரு வருடம், ஒரே பௌலர் தொப்பியோடு. கதைக்கு இது போதாது என்று தோன்றியதால் அவரைக் கப்பல் தலைவனாக்கினேன். கப்பல் வந்த வழி இதுதான். அதற்குப் பிறகு அவர் பேசவே மறுத்துவிட்டார், ஆகவே மறுபடி ஓட்டல் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

அவர் தலையில் ஒரு புடைப்பு இருந்ததாம். சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்தது. மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு நடக்கும்போது, அவள் விழாமலிருக்கப் பிடித்துக்கொண்டது அந்தப் புடைப்பைத்தான். முப்பத்தொரு வருடத்தில் தொப்பியும் அதே இடத்தில் புடைத்துக்கொண்டது. வெளியே மேடு, உள்ளே பள்ளம். அப்பா போனபிறகு டாக்டர் எப்போதாவது தொப்பியை எடுத்து, உள்ளே கைவிட்டு, கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்ப்பாராம். வைத்துப் பார்த்துவிட்டு மாலை கிளினிக் திறக்கப் போவாராம்.

தொப்பியில் பூச்சி விழுந்துவிட்டது, ஓரத்து நாடா கிழிந்துவிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்யலாம், அந்தப் புடைப்பை மட்டும் தொடக் கூடாது என்றார். இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் நான் “சரிங்க” என்றேன்.

4

போனை எடுத்தவர் அட்டையை நிரப்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அட்டையில் மூன்று கட்டம்: என்ன, எப்போது வேண்டும், செய்யக் கூடாதது. முதல் கட்டத்தில் “கறுப்பு, ஒன்று” என்று எழுதினேன். இரண்டாவதில் “வெள்ளி, நாலு மணி, நேரில் வருவார்.” மூன்றாவது கட்டத்துக்கு வருவதற்குள் மனம் குறிப்பேட்டுக்கு ஓடிவிட்டது. அங்கே ஆறு பக்கம் எழுதினேன். அட்டையில் அந்தக் கட்டம் வெள்ளையாகவே நின்றது.

(மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். மறக்கவில்லை. அதைப் பற்றித்தானே எழுதிக்கொண்டிருந்தேன்.)

தொப்பி புதன்கிழமை பார்சலில் வந்தது. எங்களிடம் இருப்பது ஒரே நீள மேசை. ஒரு கோடியில் அவள், மறு கோடியில் நான். வியாழக்கிழமை அவள் தொப்பிக்கு ஆவி காட்டி, அரக்கு இளகியதும் மரத்தலையில் மாட்டி, மேடு பள்ளமெல்லாம் நீவி எடுத்தாள். அதே நேரம் நான் அந்தப் புடைப்புக்குச் சரியான சொல் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தொப்பியைத் தூக்கிக் காட்டினாள். ஒரு கோணல் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்து “பிரமாதம்” என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். பார்த்தது என்ன என்று புரிய இரண்டு பக்கம் ஆயிற்று.

5

இனி முடிவுகள். என் கைவசம் நான்கு இருந்தன.

அ. ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கொடுத்துவிடுவது. வாங்குகிறவர் விரலால் தடவியே சொத்தையைக் கண்டுபிடிக்கிறவர். நடக்காது.

ஆ. பார்சல் கம்பெனி மேல் பழி போடுவது. பெட்டி நசுங்கினால் தொப்பியில் புதிதாக ஒரு பள்ளம் விழும். இருந்த புடைப்பு இவ்வளவு நேர்த்தியாக மறையாது.

இ. என் மனைவி மேல் போடுவது. இதற்கு “நான் சொன்னேனே” என்ற இரண்டு சொல் போதும். வேலையில் இருக்கும்போது சொல்வது தன் காதில் ஏறாது என்பது அவளுக்கே தெரியும். நம்பிவிடுவாள். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்பாள். இருபது வருடத்தில் ஒரு தொப்பியைக்கூடக் கெடுக்காதவள், கெடுத்தேன் என்று ஒத்துக்கொள்வாள். இந்த முடிவு வியாழன் மாலை முழுக்க என் மேசையில் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஈ. உண்மையைச் சொல்வது. இதை எழுத உட்கார்ந்தேன். “அன்பே, உன் கரங்கள் அறியாமல்—” எழுந்துவிட்டேன்.

6

என் கதைகளை முதலில் படிப்பது என் மனைவி. பென்சிலோடு படிப்பாள். இன்று வெள்ளி, மத்தியானம் மூன்று மணிக்கு, மேலே இருக்கும் ஐந்து பகுதிகளையும் அவளிடம் கொடுத்தேன். நேரில் சொல்ல தைரியம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. நின்றுகொண்டே படித்தாள். பென்சிலை எடுக்கவில்லை.

“ரெண்டு தடவை சொன்னாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் போய் அட்டையை எடுத்துவந்து பின்பக்கத்தைத் திருப்பினாள். அங்கே தான் நீவி எடுத்த மேடு பள்ளங்களையெல்லாம் குறித்துவைத்திருந்தாள். மொத்தம் ஏழு மேடு. எந்தப் பக்கம், காதிலிருந்து எத்தனை விரல், எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். பெட்டியில் நசுங்கியது எது, அலமாரியில் இருந்து வளைந்தது எது, அப்பா எது என்று தொப்பியைப் பார்த்தால் தெரியாது என்றாள். கட்டைவிரல் அளவில் மட்டும் மூன்று இருந்தன. தொப்பி இன்னும் ஒரு சூடு தாங்கும், இரண்டு தாங்காது. எதுவென்று தெரிந்தால் திரும்பக் கொண்டுவரப் பார்க்கலாம்.

“ஆறு பக்கம் எழுதிருக்கீங்கல்ல. படிங்க.”

குறிப்பேட்டைத் திறந்தேன். “‘தந்தையின் சிரத்தில் தனிமையின் சிறுகுன்று ஒன்று எழுந்து நின்றது...’”

“எந்தப் பக்கம்?”

“பக்கம் எழுதல.”

“எவ்வளவு உசரம்?”

தேடினேன். “‘ஒரு மகளின் ஏக்கம் எட்டும் உயரம்’னு இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. அவர் டாக்டர் ஆயிற்றே, அளவு சொல்லியிருப்பாரே என்றாள். சொன்னார். எந்தக் காது, காதுக்கு மேலே எத்தனை விரல், கட்டைவிரலில் எந்தக் கணு வரை உள்ளே போகும், எல்லாம் சொன்னார். எழுதும்போது அதெல்லாம் வறட்சியாக இருக்கிறதென்று நான்தான் விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் எந்தக் காது என்பதுகூட நினைவில்லை.

“நான் வியாழக்கிழமைதான் அந்தப் புடைப்ப எடுத்தேன்,” என்றாள். “நீங்க செவ்வாக்கிழமையே எடுத்துட்டீங்க.”

7

மணி மூன்று ஐம்பது. கெட்டிலில் தண்ணீர் வைத்திருக்கிறாள். தொப்பி மேசை நடுவில் இருக்கிறது, ஒரு கோணல் இல்லாமல். மூன்றில் ஒன்றை ஊகித்துச் செய்துவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். தப்பான இடத்தில் வைத்தால் அது வேறு யாருடைய அப்பாவாகவாவது ஆகிவிடும் என்றாள். இடத்தை டாக்டர்தான் காட்ட வேண்டும், அதற்கு முதலில் நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும், அது தன் வேலை இல்லை என்றும் சொன்னாள். எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். எனக்கும் அதுதான் எண்ணமாக இருந்தது. அவர் மன்னித்தாரா, தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனாரா, சூடான தொப்பிக்குள் விரலை வைத்து அழுத்தினாரா, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். மன்னிக்கவும், தர முடியாது. இது உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. நான் எழுதினால் அழகாக எழுதிவிடுவேன்.

வாசல் மணி அடித்துவிட்டது. கதவைத் திறந்ததும் சொல்ல நான்கு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். நான்கும் நன்றாக வந்திருந்தன. நான்கையும் அடித்துவிட்டேன். போய்ச் சொல்லப்போவது இதுதான்: டாக்டர், உங்க அப்பாவோட புடைப்பு இப்ப தொப்பியில இல்ல, நீங்க சொன்னத நான் இவகிட்ட சொல்லல, தப்பு என்னோடது.