நாலு விரல் கூடுதல்

நதீரா குளியலறைத் தரையில் குந்தியிருந்து, வாப்பாவின் சிறுநீர் சேர்த்த கேனை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தாள். நேற்று இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அவளே பேனையால் கோடு போட்டிருந்தாள். இப்போது கோட்டுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குச் சலம் நின்றது.

அந்தக் கோட்டுக்குப் பிறகு வாப்பா அவளைக் கூப்பிடவேயில்லை. விடிகாலைச் சுபஹ் வாங்குக்கு முன்னரே உயிர் போய்விட்டது. சீனி வருத்தத்தால் இடது காலை முழங்காலோடு எடுத்த மனுசன் அவர். யாராவது தோள் கொடுக்காமல் கட்டிலை விட்டு இறங்கமாட்டார்.

கேனைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கதவுக்குப் பின்னால் அவருடைய ஊன்றுகோல் சாத்தியிருப்பதைக் கண்டாள். அதைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் அவள் படுக்கப் போயிருந்தாள். அதைத் தொடாமல் பின்னுக்கு நகர்ந்தாள்.

தம்பி நளீம் வாளிகளைத் தேடிக்கொண்டு வந்தான். "ராத்தா, ரெண்டு வாளியையும் தாங்க. வாப்பாவச் சுத்துற கபன் சீலை வந்த உடனே குளிப்பாட்டணும்."

"ராவு வாப்பாவ நீயா இஞ்ச கூட்டி வந்தாய்?"

"நான் எங்க வந்தன்? சுபஹுக்கு நீங்க தட்டித்தானே நான் எழும்பின." கேனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். "இன்னுமா இத வச்சிரிக்கீங்க? ஓதுற வீட்டுல இந்த அசிங்கம் நஜீஸ். ஊத்திட்டுக் கழுவுங்க."

ஊற்ற முடியாது. அந்தக் கேனிடம் கேட்க நதீராவுக்கு ஒரு கேள்வி இருந்தது. வாப்பாவைக் கொன்றது நானா என்பதுதான் அது.

வாப்பாவின் இரத்தப் பரிசோதனை எப்போதும் நல்லபிள்ளையாகவே வரும். டொக்டர்தான் அதை நம்பவில்லை. "கிரியேட்டினின் எண்டுறது சதையில இருந்து வாற கழிவு. உங்கட வாப்பாவுக்கு ஒரு கால் இல்ல, மற்றக் காலும் ஈர்க்கில். சதை இல்லாத ஆளுக்குக் கிட்னி பழுதானாலும் இரத்தத்தில எண் பெரிசா ஏறாது. இருபத்திநாலு மணித்தியாலச் சலத்தைச் சேர்த்துத் தாங்க, எவ்வளவு வடிகட்டுது எண்டு பாப்பம்," என்று சொல்லி அனுப்பினார். நோன்புக்கு முந்திய கதை அது.

முப்பது வருசம் வட்டைவிதானையாக இருந்து நிந்தவூர் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டவர் வாப்பா ஆதம்பாவா. "ஊருக்குத் தண்ணி அளந்தவன்ட சலத்த இப்ப மகள் அளக்கிறா," என்று முதலில் சிரித்தார். ஆனால் கேனுக்குள் போகும்போது உடுத்திருக்கும் சாரத்தில் ஒரு துளி தெறித்தாலும் தொழுகை கூடாதே என்று அவருக்கு உள்ளூரப் பயம். மூன்று தரம் அவளுக்குச் சொல்லாமல், உம்மாவின் தோளைப் பிடித்துப் போய்க் கக்கூஸ் குழியிலேயே இருந்து, கழுவிக்கொண்டு வந்துவிட்டார். கேன் பாதிகூட நிறையவில்லை. மறுபடி ஒரு நாள் முழுக்க அவரோடு மல்லுக்கட்டவும் பரிசோதனைக் கூடத்துப் பிள்ளையிடம் ஏச்சு வாங்கவும் நதீராவுக்குப் பொறுமையில்லை. குறைந்ததைத் தன்னுடையதால் நிரப்பிக் கொடுத்தாள்.

கிட்னி வடிகட்டும் அளவு அறுபத்தெட்டு என்று முடிவு வந்தது. டொக்டர் முகம் மலர்ந்து, இருந்த மாத்திரைகளையே தொடரச் சொன்னார். பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் வாப்பாவின் முகம் வீங்கியது. உடம்பெல்லாம் அரிப்பெடுத்து முதுகைக் கதவு நிலையில் தேய்த்தார். சோற்றைக் கண்டால் ஓங்காளித்தார். வீக்கமும் எண்ணும் ஒத்துவராமல் டொக்டர் குழம்பிப்போய், இரத்தத்தை மறுபடி எடுத்து, சலத்தையும் இன்னொரு தரம் சேர்க்கச் சொன்னார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நதீரா வாயைத் திறக்கவில்லை.

இந்த முறை ஒரு துளியையும் அவள் தவறவிடவில்லை. நேற்றுக் காலை ஆறு மணியில் இருந்து தானே கேனைப் பிடித்தாள், தானே கோடு போட்டாள். இஷா வரைக்கும் வந்தது அரை லீற்றருக்கும் குறைவு. மீதி நாலு விரல் எங்கிருந்து வந்தது?

கபன் சீலையும் அத்தரும் வாங்கக் கல்முனைக்குப் புறப்பட்ட புருசன் றஸ்மியின் கையில் கேனைப் பையில் போட்டுத் திணித்தாள்.

"மௌத்தான ஆளுக்கு இனி என்ன டெஸ்ட்?" என்றான் அவன்.

"லேப்ல குடுத்திட்டு மட்டும் வாங்க. ஒண்டும் கேக்காதீங்க."

வீடு பெண்களால் நிறைந்தது. உம்மா உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததில் இருந்து அவள் ஒரு சொல் பேசவில்லை. நோன்புக்குப் பிறகு முழங்கால் வருத்தம் கூடி, தானே குந்தி எழும்பமுடியாமல் போன உம்மா இரவில் வாப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வழியில்லை. பக்கத்து வீட்டு ஹுஸ்னியாவிடம் நதீரா மெல்ல ஊன்றுகோலைப் பற்றிச் சொன்னாள். ஹுஸ்னியா குரலைத் தாழ்த்தினாள்.

"போறதுக்கு முந்தி சில ஆக்களுக்கு ஒரு தெம்பு வருமாம் புள்ள. படுத்த படுக்கையா கிடந்தவங்க எழும்பி நடப்பாங்களாம். எங்கட மாமா மௌத்தாகின அண்டைக்கு, செருப்பெல்லாம் வாசல்ல ஈரமா இருந்திச்சு."

நதீரா குளியலறைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஒற்றைக் காலோடு வாப்பா இருட்டுக்குள் போய், சாரத்தில் தெறிக்காமல் ஒதுக்கிப் பிடித்து, கேனை மகளுக்காக நிரப்புவதைப் போல ஒரு காட்சி கண்ணுக்குள் நின்றுகொண்டேயிருந்தது.

றஸ்மி திரும்பி வந்ததும் முற்றத்தில் சீலை கட்டி மறைத்துக் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். தண்ணீர் விழும் சத்தம் உள்ளறை வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அவளுடைய ஃபோன் அடித்தது.

"ஆதம்பாவா ஐயாட வீடுதானே? லேப்ல இருந்து கதைக்கிறன். அவரோட கதைக்க ஏலுமா?"

"அவர் குளிக்கிறாரு," என்றாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. கிளியரன்ஸ் எண்பத்திரண்டு. வயசுக்கு மிச்சம் நல்லம். போனமுறையை விடக் கூடியிருக்கு. டொக்டரிட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ."

வெளியே யாரோ, "பைய, பைய, இந்தப் பக்கம் திருப்புங்க," என்றார்கள். தண்ணீர் மறுபடி விழுந்தது.

எண்பத்திரண்டு. நதீரா சுவரில் சாய்ந்துகொண்டாள். பயம் ஒரு பக்கம் பிடுங்கியது. ஆனால் அதற்கும் மேலாக, மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கியது. வாப்பாவின் சிறுநீரகம் பழுதாகவில்லை. தான் செய்த களவால் அவர் சாகவில்லை. வேறு ஏதோ வருத்தம், அல்லாஹ் எழுதிய நேரம். நாலு விரல் எப்படி வந்திருந்தாலும் வந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அழுகை வந்தது. காலையில் இருந்து இப்போதுதான் அழுதாள்.

உம்மா அவளுடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு காதோடு காதாக வந்தது.

"டெஸ்ட் நல்லா வந்திட்டா மகள்?"

"ஓம் உம்மா. எண்பத்திரண்டாம்."

"அல்ஹம்துலில்லாஹ்." உம்மாவின் முகம் தெளிந்தது. "நான் செஞ்சது வீண்போகல்ல."

"என்னத்தச் செஞ்ச?"

"நீ நோன்புக்கு முந்தி செஞ்சதத்தான். கதவு நீக்கலால கண்டனான். நல்லா வந்திச்சே, டொக்டரும் சந்தோசப்பட்டாரே. இந்தமுற அவருக்கு ராவு முழுக்க ஒரு சொட்டும் போகல்ல. குறைஞ்சா உன்னப் பேசிப்போடுவாங்க எண்டு சுபஹுக்கு முந்தி எழும்பிப் போனன். குந்தினா எழும்ப ஏலாதே, அதான் அவர்ட கம்பையும் கொண்டு போனன்."

நதீராவின் பயம் அந்த நொடியிலேயே போய்விட்டது. அது போகாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். எண்பத்திரண்டில் எவ்வளவு வாப்பாவுடையது, எவ்வளவு உம்மாவுடையது என்று இனி எந்த டொக்டராலும் பிரித்துச் சொல்ல ஏலாது.

உம்மா இன்னும் குரலைத் தாழ்த்தினாள். "எழும்பி வரக் கொஞ்சம் சுணங்கிப்போச்சு. வந்து பாக்கக்குள்ள வாய் தொறந்திரிந்திச்சு. நான் அங்க இருந்த நேரத்திலதான் போயிரிக்காரு. தண்ணி கேட்டாரோ தெரியா." கொஞ்ச நேரம் பாயின் ஓலையைக் கிள்ளினாள். "நாம ரெண்டு பேரும் செஞ்சது அவர்ட நல்லதுக்குத்தானே மகள்?"

முற்றத்தில் இருந்து நளீம் கூப்பிட்டான். "உம்மா, ராத்தா, முகம் பாக்க வாங்க."

"ஓம் உம்மா," என்றாள் நதீரா. "நல்லதுக்குத்தான்."

உம்மாவைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். கற்பூரமும் அத்தரும் மணத்தன. நளீம் கபன் சீலையை முகத்தில் இருந்து விலக்கினான். முகம் ஊதி மினுங்கியது. இமைகள் கண் தெரியாத அளவுக்குத் தடித்திருந்தன. இரண்டு கன்னங்களிலும் அரிப்பில் அவரே சொறிந்த நகக் கீறல்கள் இருந்தன. பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

உம்மா அந்த முகத்தை ஆசையோடு நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஹுஸ்னியாவின் பக்கம் திரும்பி, "கிட்னிக்கு ஒண்டுமில்லையாம். எண்பத்திரண்டாம்," என்றாள்.