அட்டைக்குள் இருந்த மனுக்கள்

தஞ்சாவூர் கீழவீதியில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த அரசப்பனுக்கு அந்த மருத்துவ நூலைக் கையில் வாங்கியதுமே அது எளிதில் கிடைக்காத பிரதி என்று தெரிந்துவிட்டது. எண்பது வருஷத்துக்கு முந்தைய அச்சு. திருவையாற்றுப் பக்கம், அவன் பிறந்த ஊரின் மிராசுதார் வீட்டுப் புத்தகம். மிராசுதார் இறந்தபின் அவர் மகள் சாவித்திரி அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

உள்தாள்கள் கெடவில்லை. பிற்பாடு யாரோ கட்டிக்கொடுத்த பைண்டிங்தான் பூச்சி அரித்துக் கிடந்தது. வேறு அட்டை போட்டால் மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர் வாங்கிக்கொள்வார். ஈரத் துணியைப் போட்டு அட்டையை ஊறவைத்தான். கழிவுக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த அட்டை. முதல் தாள் மெல்ல உரிந்து வந்தது.

அது ஒரு மனு. அறுபத்தொன்பதில் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது, குத்தகைக்கு உழுகிறவன் தன் பெயரைப் பதியச் சொல்லிக் கொடுத்த மனு. கீழே கைநாட்டு. அடுத்த தாளும் அப்படியே. நான்காவது தாளில் இருந்த பெயர் மருதையன்.

அரசப்பனின் அப்பா. பெருவிரல் ரேகையைக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு அறுத்துக்கொண்டு போயிற்று. கருக்கரிவாள் பட்ட தழும்பு. சந்தேகமே இல்லை.

தாளிலிருந்து நீர் வேட்டியில் சொட்டியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. மனு வரவேயில்லை என்று அப்போது தாலுகா ஆபீசில் சொன்னார்கள். நிலம் போனது. கிராமக் கணக்குப்பிள்ளை கையில் கொடுத்தேன் என்று மருதையன் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. மிராசுதாருக்குப் பயந்து கொடுக்காமலே வந்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்று தெருவில் நின்று கத்தியவன் அரசப்பன்தான். எட்டு வருஷமாக அப்பாவோடு பேச்சில்லை.

மறு அட்டையையும் பிரித்தான். மொத்தம் பதினோரு மனுக்கள், ஒன்றுகூடத் தாலுகா ஆபீசுக்குப் போகாமல் மிராசுதார் வீட்டில் கழிவுக் காகிதமாகியிருந்தன.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பட்டுக்கோட்டை போனான். தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்த மருதையன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, படிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அரசப்பன் படித்தான்.

“நீங்க குடுத்துத்தான் இருக்கீங்கப்பா.”

“அதத்தான் அன்னிக்கும் சொன்னேன்.”

அவர் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார். தங்கையன் பெயரைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நிலம் போன வருஷமே பூச்சிமருந்து குடித்துச் செத்தவர் தங்கையன்.

“மொதல்ல அவன் பொஞ்சாதி ராசம்மாகிட்ட போவோம். நானும் வரேன்.”

வழியில் விவசாயிகள் சங்கத்து வக்கீலைப் பார்த்தார்கள். நிலம் இரண்டு கை மாறிவிட்டது, வழக்குப் போடலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

ராசம்மாள் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. புருஷன் கைநாட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

“குடுத்தேன்னு சொன்னப்ப நானே அவர நம்பலையே,” என்றாள்.

அரசப்பனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.