பழைய ஷாக் அப்சார்பர்

அக்கா மெக்கானிக். தங்கை பைக்கில் கூரியர் வேலை பார்த்தாள். கணவன் மாடிப்படியில் பிடித்துத் தள்ளியதில் அவள் முதுகெலும்பில் விரிசல் விழுந்தது. அக்கா வீட்டிலேயே மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். எழுந்து ஒருநாள் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, வெளுத்த முகத்தோடு அக்காவின் பட்டறைக்கு வந்தாள்.

"பள்ளத்துல இறங்குனா உயிரே போகுதுக்கா. டாக்டர் வண்டியையே தொடாதேங்கிறாரு. தொடாம சோத்துக்கு எங்க போறது?"

அக்கா பின்சீட்டை அமுக்கி விட்டாள். வண்டி ஒருமுறை எழுந்ததோடு நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"இது ஷாக் அப்சார்பராடி, ஊஞ்சலா? ரெண்டையும் மாத்திடுவோம். முன்னாடி ஃபோர்க் ஆயிலையும் மாத்துறேன். அப்புறம் நீ தூங்கிக்கிட்டே ஓட்டலாம்."

"தூங்குனா நீயே கொன்னுடுவ," என்றாள் தங்கை.

இடது பக்கத்து போல்ட் துருவேறிச் சண்டித்தனம் பண்ணியது. அக்கா எண்ணெய் விட்டு, தட்டி, கழற்றினாள். எண்ணெய் கசியும் பழையதைத் தரையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினாள். தங்கையின் எடைக்கேற்ப ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்தாள். வலது பக்கத்தில் ஸ்பேனரை வைக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. தங்கை புருஷன்.

"இன்னும் வண்டி ஓட்டுற ஆசை போகலயா உனக்கு?"

"மாப்ள, பேசணும்னா வெளிய போய்ப் பேசலாம்," என்றாள் அக்கா.

"நீங்க இதுல தலையிடாதீங்க."

மேசைமேல் கிடந்த சுத்தியலை எடுத்தான். முதல் அடியில் ஹெட்லைட் சிதறியது. இரண்டாவது அடி பெட்ரோல் டேங்க்குக்கு. குறுக்கே நீண்ட அக்காவின் கையில் அது விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் மூவருக்கும் கேட்டது. அக்கா கத்தக்கூட முடியாமல் மண்டியிட்டாள். அவன் மறுபடியும் சுத்தியலை ஓங்கினான்.

அதுவரை அவன்மேல் கை ஓங்கியே அறியாதவள் தங்கை. பழைய ஷாக் அப்சார்பரை இரண்டு கையாலும் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். கால் பக்கவாட்டில் மடங்கியது. விழுந்தவனின் தோளில் அடித்தாள். தாடையில் அடித்தாள். பல்லும் ரத்தமுமாய் அவன் துப்ப, சுத்தியலைப் பிடித்திருந்த கையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கை அசைவதை நிறுத்திய பிறகும் அடித்தாள்.

"போதும்டி. செத்துருவான். போதும்." ஒற்றைக் கையால் அக்கா அவளைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தங்கையின் கையிலிருந்து ஷாக் அப்சார்பர் கீழே விழுந்தது.

பக்கத்து டயர் கடைக்காரர்தான் ஆம்புலன்சையும் போலீசையும் கூப்பிட்டார்.

"நீதான் அடிச்சியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான். அக்கா தடுக்கலன்னா இன்னும் அடிச்சிருப்பேன்."

அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் கால் நேராகவில்லை. அக்காவின் இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. அவன்மேல் ஒரு வழக்கு, தங்கைமேல் ஒரு வழக்கு. ஜாமீனில் வந்ததும் வலது பக்கத்து ஷாக் அப்சார்பரைத் தங்கையே கழற்றினாள். கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து அக்கா சொல்லச் சொல்ல, புதியதை வைத்து போல்ட்டை முறுக்கினாள். ஹெட்லைட்டையும் மாட்டினாள்.

முதல் வாய்தாவுக்கு அதே வண்டியில்தான் போனார்கள். கோர்ட்டுக்குப் போகும் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி, மெத்தென்று ஏறி, ஆடாமல் போனது.

"முதுகு வலிக்குதாடி?"

"முதுகு வலிக்கலக்கா. கைதான் நடுங்குது."

அக்கா பின்னாலிருந்து, மடங்காத விரல்களோடு, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் போ. கோர்ட்டு காத்திருக்கட்டும்."