ஜோசியர் இறக்கிய கோடு

ஜோசியர் என்று பெயர் வைத்தது மாமனார். காரணம் இல்லாமல் இல்லை. பங்குச்சந்தைக் குறியீடு இன்றைக்கு ஏறுமா இறங்குமா என்று கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்துக் கணித்து, காலையில் ஃபியூச்சர்ஸ் என்னும் முன்பேர ஒப்பந்தம் வாங்கி மதியத்துக்குள் விற்றுவிடுவதுதான் மாப்பிள்ளையின் தொழில். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இப்படி உட்கார்ந்தால் எந்த மாமனாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

தொழில் தொடங்கிய புதிதில் ஜோசியர் நல்ல அடி வாங்கினார். சந்தை இறங்க இறங்க, ‘இதோ ஏறிடும், இதோ ஏறிடும்’ என்று விற்காமல் பிடித்துக்கொண்டிருந்து, சேமிப்பில் பாதியைக் கரைத்தார். அதற்குப் பிறகும் மனைவி அவரை அந்த நாற்காலியில் உட்கார விட்டாள் என்றால் அது அவளுடைய பெரிய மனசு. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். வாங்குவதும் விற்பதும் அவள் போனில்தான். இவர் படுக்கையறையில் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் சமையலறையிலிருந்து அழுத்துவாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மதிய ஷிஃப்ட். அவள் கிளம்புவதற்குள் கடையைக் கட்டிவிட வேண்டும்.

விதி ஒன்றே ஒன்றுதான். அந்தந்த ஐந்து நிமிடத்தில் விலை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டும் சின்னக் கட்டையாக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேண்டில் படத்தில் விழும். கடைசி இருபது கேண்டில்களின் சராசரியாக ஒரு நீலக் கோடு கூடவே வரும். வாங்கிய பிறகு எந்தக் கேண்டிலாவது அந்தக் கோட்டுக்குக் கீழே முடிந்தால் விற்றுவிட வேண்டும். பேச்சே கிடையாது. இந்த விதியை எழுதியவரும் ஜோசியர்தான், மனைவிக்குப் புரிய வைத்தவரும் அவர்தான்.

அன்று காலை எல்லாம் கூடி வந்தது. சந்தையின் வேகத்தைக் காட்டும் குறிகளில் ஆர்.எஸ்.ஐ. ஏறியது, எம்.ஏ.சி.டி. ஏறியது, விலையும் கோட்டுக்கு மேல் ஜம்மென்று நின்றது. பெற்ற பிள்ளைகள் கூட இப்படி ஒருசேரச் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. “வாங்கிடு!” என்று குரல் கொடுத்தார்.

“வாங்கியாச்சு!”

கொஞ்ச நேரம் ஏறியது. பிறகு ஏறின வழியாகவே திரும்பி வந்தது. ஒரு கேண்டில், நூல் அளவுதான், கோட்டுக்குக் கீழே முடிந்தது.

“ஏங்க, கோடு என்ன சொல்லுது?” சமையலறையிலிருந்து வழக்கமான கேள்வி வந்தது.

விற்கச் சொல்ல வேண்டியதுதானே? வாய் திறக்கவில்லை. கைதான் போனது. கோட்டின் செட்டிங்ஸைத் திறந்து, இருபதை அழித்து இருபத்தாறு என்று போட்டார். ஏறி வந்த சந்தையில் பழைய கேண்டில்களைச் சேர்த்தால் சராசரி இறங்கும். கோடு சாதுவாகக் கீழே நகர்ந்து, அந்தக் கேண்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஜோசியர் கூடத்தையே திருப்பி வைத்துவிட்டார்.

“விலை கோட்டுக்கு மேலதான் இருக்கு!”

“சரிங்க!”

அடுத்த கேண்டில் இன்னும் இறங்கியது. முப்பத்துநாலு போட்டார். மறுபடி கேள்வி வந்தது, மறுபடி ‘மேலதான்’ என்றார். பழைய குருடி கதவைத் திறடி என்று அவருக்கே புரிந்துவிட்டது.

சந்தை இறங்கித் தொலைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது இறங்கவில்லை. எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக வாங்க வந்தார்கள். விலை விசுக்கென்று எழும்பி, காலை உச்சத்தையும் தாண்டியது. “வித்துடு!” என்று கத்தினார். அந்த மாதத்திலேயே நல்ல லாபம் அதுதான்.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி அறைக்குள் வந்தாள். வேலைக்குக் கிளம்பும் நேரம். போனை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

“நாளையிலிருந்து நீங்களே அழுத்துங்க. இன்னைக்கு விலை அவ்வளவு இறங்கியும் கோட்டை நம்பி அசையாம இருந்தீங்களே, முன்ன மாதிரி இல்ல நீங்க. எனக்கு பயம் போயிடுச்சு.”

இந்த வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை மாதமும் காத்திருந்தார். இப்போது போனைத் தொடவே பயமாக இருந்தது. கையில் வந்துவிட்டால், நாளைக்குக் கோடு ஐம்பதாகும், அப்புறம் நூறாகும், மிச்சப் பாதியும் போகும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் மெச்சிக்கொண்டே வேலைக்குப் போய்விடுவாள். அதுவும் தெரிந்தது.

“வேணாம். நீயே வெச்சுக்க” என்றார். “விலை கோட்டுக்குக் கீழ வந்துடுச்சு. நான்தான் கோட்டை இறக்கிட்டேன். ரெண்டு தடவை.”

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். “கோட்டை இறக்க முடியுமா?”

செய்து காட்டினார்.

“அப்ப நான் தினமும் கேட்டுக்கிட்டு இருந்தது?”

“இன்னைக்கு மட்டும்தான். சத்தியமா.”

அது உண்மை. பதறிப்போய்ப் போன வாரப் படத்தை எடுத்தார். இருபதைப் போட்டார். “பாரு, இங்க கீழ வந்துச்சு, உடனே விக்கச் சொன்னேன். இங்கயும் அப்படித்தான்.”

“அதுலயும் முப்பத்துநாலு போடுங்க.”

போட்டார். போன வாரம் முழுக்கக் கோடு இடம் மாறியது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததைப் போல நின்றது.

“இதுல அன்னைக்கு இருந்த கோடு எது?”

“உன் போன்ல வித்த நேரமெல்லாம் இருக்கே. அதோட வெச்சுப் பாரு, இருபதோட ஒத்துப்போகும்.”

“ஒத்துப்போகும்ங்க. இல்லேன்னு சொல்லல. நான் கணக்கா கேட்டேன்?” என்றாள். குரல் உயரவில்லை. “நான் எட்டிக்கூடப் பாத்ததில்ல. நீங்க சொன்னா போதும்னு அடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று இருந்தது ஜோசியருக்கு. அவள் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

“நாளைக்கு எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க” என்றாள். “சமையலை வெள்ளனவே முடிச்சுட்டு இங்கயே உக்காந்துக்கறேன்.”

கதவு சாத்திய பிறகு ஜோசியர் எழுந்தார். மேசைப் பக்கத்தில் கிடந்த துணி மூட்டையைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்தார். அழுகையாக வந்தது. திரை அவளுக்கு நேராகத் தெரியும்படி நாற்காலியைப் போட்டார்.